கேபிளை நிறுத்திய வீட்டில் ஒரு பெனல்ரி

அந்த வருடம் யூலை மாதம் வீட்டுக்காரக் கொம்பனி மாடிப்படியடியில் ஒட்டிய அறிவித்தலைக் கொறற்றிதான் முதலில் வாசித்தாள். சட்டம் மாறிவிட்டதாம். இனி வாடகையோடு சேர்த்துக் கேபிள் காசு அறவிட முடியாதாம். கேபிள் தேவையானவர்கள் தாங்களே கேபிள்காரரோடு கதைத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டுமாம். மரக்கறிப் பையும் கையுமாக நின்று அதை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் ஒரு முடிவும் எடுத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் கேபிளை நிப்பாட்டப் போறன்."

கணவர் ஜேசுரட்ணம் ரிவியில் சைக்கிள் ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரான்சில் ஏதோவொரு மலையில் ஒரு கூட்டம் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது. அவரும் கதிரையில் முன்னுக்குச் சரிந்து அவர்களோடு ஏறிக்கொண்டிருந்தார்.

"என்ன நிப்பாட்டப் போறீர்?"

"கேபிளை. இவ்வளவு நாளும் வாடகையோடை போனது. இனிப் போகாது. அதோடை, நீங்கள் மேலதிகமா எடுத்து வைச்சிருக்கிற அந்த விளையாட்டுச் சனல்களுக்கும் சேத்து ஒரு கூண்டிகுங் எழுதி அனுப்பப் போறன்."

கூண்டிகுங் என்றால் ஒப்பந்தத்தை முறிக்கிற கடிதம். ஜெர்மனியில் தமிழர் பழகிக்கொண்ட சொற்களில் கொஞ்சம் பயந்து பயந்து உச்சரிக்கிற சொல் அது. வேலையிடத்தில் இருந்து வந்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். ஜேசுரட்ணத்துக்கு இப்போது அது வீட்டுக்குள் இருந்தே வந்தது. ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் அப்படிக் குறைக்கிறவர் அல்லர்.

"கொறற்றி, கிழமை முழுக்க நான் பார்சல் மண்டபத்திலை பெட்டி தூக்கிறன். வீட்டை வந்தால் எனக்கு உதொண்டுதானே இருக்கு."

"விளையாட்டை ஆர் நிப்பாட்டச் சொன்னது? இன்ரநெற்றிலை பாப்பம். அரச சனல்காரர் தங்கடை இணையத்தளத்திலை சும்மாவே காட்டுறாங்கள். மற்றதுக்கு மாதா மாதம் கட்டுறதா ஒண்டை எடுப்பம். வேணுமெண்டால் எடுக்கிறது, வேண்டாமெண்டால் விடுறது. இப்ப போறதிலை பாதியும் வராது."

"இன்ரநெற்றிலை படம் நிண்டு நிண்டு வரும்."

"நிண்டால் நீங்களும் எழும்பிக் கொஞ்சம் நடவுங்கோ. டொக்ரர் சொன்னவர்தானே."

மலையில் யாரோ வென்றுவிட்டான். யாரென்றுகூட அவர் பார்க்கவில்லை.

கொறற்றிக்கு ரிவியில் கோபம் இல்லை. அவளுடைய கோபம் வேறு. அந்த மனிசன் பார்க்காத விளையாட்டுக் கிடையாது. பனிமலையில் இருந்து பாய்கிறவர்கள், துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு பனிக்குள் ஓடுகிறவர்கள், சுவரில் மாட்டிய வட்டத்துக்கு அம்பு எறிகிற தொப்பைக்காரர்கள் என்று எல்லாரும் ஹனோவரில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டுக்குள் வந்து போனார்கள். யாரோ ஒரு நோர்வேக்காரனின் முழங்கால் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் அரைமணித்தியாலம் கதைப்பார். ஆனால் சொந்த மகள் ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்தில் கோல் காக்கிறாள். அதைப் பார்க்க மட்டும் அவர் போவதில்லை.

சுபானி அவர்களுடைய ஒரே பிள்ளை. படித்து முடித்து, பிசியோதெரபி நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். நகரத்தின் மற்றப் பக்கத்தில் சிநேகிதி ஒருத்தியோடு சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறாள். ஹனோவருக்கு வெளியே உள்ள சின்ன ஊர் ஒன்றின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு அவள்தான் கோல்காப்பாளர். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஜேசுரட்ணம் ஒருநாள் ஆசையாக அவளுடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனார். அன்றைக்குப் பார்த்து எதிரணிப் பெண்ணொருத்தி ஓடிவந்த வேகத்தில் சுபானியோடு மோதி, பிள்ளையின் மணிக்கட்டு முறிந்துபோனது. ஜேசுரட்ணம் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிப்போய், நடுவரைப் பிடித்துத் தமிழிலும் ஜெர்மனிலும் மாறி மாறி ஏசியிருக்கிறார். ஆட்டம் நின்றது. இரண்டு பேர் வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அன்றைக்குக் கொறற்றிக்கு வேலை. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது மகள் கையில் கட்டோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். கணவர் வெளியே கதிரையில் இருந்தார்.

"இனி அந்தப் பக்கம் நான் தலைவைச்சும் படுக்கமாட்டன்" என்று மட்டும் சொன்னார்.

கை சுகமாகிச் சுபானி திரும்பவும் விளையாடப் போனாள். அவர் போகவில்லை. மகள் வீட்டுக்கு வந்தால் வேலை, வாடகை, சாப்பாடு எல்லாம் கதைப்பார்கள். உதைபந்து என்ற சொல் மட்டும் அந்த மேசைக்கு வராது. கொறற்றிக்குப் பாதி ஞாயிறுகளில் வேலை, மிச்ச ஞாயிறுகள் பூசையும் சமையலுமாகப் போய்விடும். அவளும் மகளின் ஆட்டத்தை ஒருநாளும் கண்டதில்லை.

கேபிள் நின்றது. முதல் கிழமை ஜேசுரட்ணம் துக்கவீட்டுக்காரர் மாதிரி இருந்தார். கொறற்றி சலுகை விலையில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி ரிவிக்குப் பின்னால் செருகினாள். கடவுச்சொல்லைத் தானே போட்டாள். இரண்டு தரம் பிழையாய்ப் போயிற்று. மூன்றாவது தரம் படம் வந்தது. படம் நின்று நின்று வரவும் இல்லை, கேபிளைவிடத் தெளிவாகவே இருந்தது. அது ஜேசுரட்ணத்துக்கு இன்னும் கவலையாகப் போயிற்று. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு ஒன்று அகப்பட்டது. ஓகஸ்ட் கடைசியில் உதைபந்தாட்டப் பருவம் தொடங்கியது. சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம் சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. ஜேசுரட்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். பந்து இன்னும் நடு மைதானத்திலேயே உருண்டுகொண்டிருக்க, மேல்மாடியில் இருந்து கூரை இடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "தோர்!" ஜெர்மனில் கோல் என்று அர்த்தம்.

மேல்வீட்டுக்காரர் ஃபோக்ற் கேபிளை விடாதவர். ஜேசுரட்ணத்தின் ரிவியில் பந்து பிறகுதான் மெல்ல மெல்ல வந்து கோலுக்குள் விழுந்தது. இன்ரநெற்றில் வருகிற படம் கேபிளைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்பது அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியவந்தது.

"பாத்தீரே?" ஜேசுரட்ணம் எழும்பி நின்றார். வென்ற முகம். "நான் பழஞ்சோறு தின்னுறன். அவன் சுடச்சுடத் தின்னுறான்."

"யன்னலைப் பூட்டுங்கோ" என்றாள் கொறற்றி.

யன்னலைப் பூட்டினார். அடுத்த கிழமை காதில் மாட்டுகிற ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். அதற்கடுத்த கிழமை இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பிடித்த இடத்தை நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். நித்திரையாய்ப் போய்விட்டால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். விளம்பரமும் குறைவு. ஒருநாள் கோப்பிக் கோப்பையோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். "உது பரவாயில்லைத்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கொறற்றி குசினிக்குள் போய், சத்தம் வராமல் சிரித்தாள்.

செப்ரெம்பரில் சுபானி ஒருநாள் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, எங்கடை மைதானத்திலையும் கமரா பூட்டியிருக்கு. இனி எங்கடை வீட்டு ஆட்டமெல்லாம் இன்ரநெற்றிலை நேரடியாப் போகுமாம். மாதத்துக்கு ஒரு கோப்பியும் கேக்கும் குடிக்கிற காசுதான். நீங்கள் வேலையாலை வந்து பாக்கலாம்." பிறகு கேட்டாள்: "அப்பா என்ன, பாப்பாரோ?"

"உன்ரை கொப்பர் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை நிக்கிறதில்லைப் பிள்ளை. கொட்வின் அண்ணை நகர எல்லையிலை ஒரு தோட்டத்துண்டு எடுத்து வைச்சிருக்கிறார் எல்லோ, அங்கை போய்க் கொத்திக் குடுக்கிறார்."

"ம்" என்றாள் சுபானி.

உண்மையும் அதுதான். வசந்த காலத்தில் இருந்தே ஜேசுரட்ணம் ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீலக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்வினுடைய தோட்டத்துக்கு என்று புறப்பட்டுவிடுவார். பொழுதுபடச் சப்பாத்தில் புல்லோடு திரும்பி வருவார். சில நாளில் தக்காளியோ வெள்ளரிக்காயோ கொண்டுவருவார். உடம்புக்கு நல்லதென்று கொறற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு அவளுக்குக் காலை வேலை மட்டும்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். கணவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, சுபானி சொன்ன இணையத்தளத்தை ரிவியில் திறந்தாள். ஹம்பேர்க்கில் இருக்கிற தங்கை பிறேமாவுக்கும் தொலைபேசி எடுத்தாள்.

"பிறேமா, பிள்ளையின்ரை மட்ச் தொடங்கப் போகுது. நீயும் திற."

"திறந்திட்டன் அக்கா. ஆர், உந்த மஞ்சள் சட்டையே?"

மஞ்சள் சட்டைதான். கோல் கம்பங்களுக்கு நடுவில் சுபானி தலைமயிரை உச்சியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெரிய கையுறைகளைத் தட்டிக்கொண்டு நின்றாள். வர்ணனைக்காரர் யாரும் இல்லை. காற்றின் இரைச்சல், யாரோ ஒருவருடைய நாய், விளையாடுகிறவர்களின் கூச்சல், அவ்வளவுதான். கமராவுக்குப் பின்னால் ஆளும் இல்லை. ஒரு கம்பத்தில் இயந்திரத்தைப் பூட்டியிருந்தார்கள். பந்து போகிற பக்கம் அது தானே திரும்பும் என்று சுபானி சொல்லியிருந்தாள்.

தேத்தண்ணீர் ஆறிப்போனது. கொறற்றி அதைத் தொடவில்லை. வீட்டில் எதைக் கேட்டாலும் "ம்" என்கிற பிள்ளை, அங்கே தனக்கு முன்னால் நிற்கிற வெள்ளைக்காரப் பெட்டையளைப் பேர் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் போ, பின்னுக்கு வா, அவளை விடாதே என்று. அவர்களும் சொன்ன சொல் தப்பாமல் ஓடினார்கள். ஒரு பந்து உயரத்தில் வந்தபோது எல்லாருடைய தலைக்கும் மேலால் எழும்பி அதைப் பறித்துக்கொண்டு இறங்கினாள்.

"அக்கா!" என்று ஹம்பேர்க்கில் பிறேமா கத்தினாள். "உவள் எங்கடை பிள்ளையோ?"

"என்ரை பிள்ளை" என்றாள் கொறற்றி.

இடைவேளைக்குப் பிறகு சுபானியின் அணி ஒரு கோல் போட்டது. அதோடு மேகம் விலகி நல்ல வெயில் எறிக்கத் தொடங்கியது. அப்போதுதான் அந்தக் கூத்துத் தொடங்கியது.

பந்து வலப்பக்கம் போனது. கமரா இடப்பக்கம் திரும்பியது. அங்கே கோட்டுக்கு வெளியே ஒரு செடிவேலி, அதன் முன்னால் மூன்று நான்கு பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள். கமரா அந்த இடத்திலேயே நின்றுகொண்டது. மைதானத்தில் கூச்சல் கேட்டது, ஆனால் பந்தைக் காணவில்லை. படத்துக்குக் கீழே பார்க்கிறவர்கள் ஜெர்மனில் எழுதத் தொடங்கினார்கள். பந்து எங்கே? கமராவுக்கு என்ன பிடித்துவிட்டது?

கமரா மெல்லக் கிட்டவும் போனது. வெயிலில் பளபளவென்று, உருண்டையாக, ஒரு மொட்டைத்தலை.

அந்தத் தலைக்குரியவர் இரண்டடி இடப்பக்கம் நடந்தார். கமராவும் இரண்டடி நடந்தது. அவர் நின்றார். அதுவும் நின்றது. ஒரு கம்பளித் தொப்பியைக் கையில் வைத்து ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தார். நீலக் குளிர்ச்சட்டை.

கொறற்றி எழும்பி ரிவிக்குக் கிட்டப் போனாள்.

"அக்கா" என்றாள் பிறேமா. சிரிப்பை அடக்குகிற குரல். "உது அத்தான் எல்லோ?"

அந்தக் குளிர்ச்சட்டையை மலிவு விற்பனையில் தேடி எடுத்தவளே அவள்தான். கழுத்துப்பட்டியில் விட்டுப்போன நூலைத் தைத்தவளும் அவள்தான்.

கீழே எழுதுகிறவர்கள் இப்போது உற்சாகமாகிவிட்டார்கள். அந்த ஐயாவுக்கு யாராவது ஒரு தொப்பி கொடுங்களேன் என்று ஒருவர் எழுதினார். அழகான தலை, ஆனால் நான் ஆட்டத்துக்குத்தான் காசு கட்டினேன் என்று இன்னொருவர் எழுதினார். மைதானத்தில் யாரோ கைத்தொலைபேசியில் இதைப் பார்த்திருக்க வேண்டும். கழகத்து ஆள் ஒருவர் வேலியடிக்கு ஓடிவந்து ஜேசுரட்ணத்திடம் என்னவோ சொல்லி, கம்பத்தைக் காட்டினார். ஜேசுரட்ணம் நிமிர்ந்து நேரே கமராவைப் பார்த்தார். ரிவிக்குள் இருந்து தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது கொறற்றிக்கு. அவர் அவசரமாகத் தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துப் போட்டார். கமரா ஒருகணம் திகைத்து நின்றது. பிறகு திரும்பிப் போய்ப் பந்தைப் பிடித்துக்கொண்டது.

பிறேமா அந்தப் பக்கம் மூச்சு முட்டச் சிரித்தாள். "தோட்டம் கொத்தப் போனவர் எண்டீங்கள்!"

"கொத்தட்டும், வரட்டும்" என்றாள் கொறற்றி. அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

ஆட்டம் முடிகிற நேரம். எதிரணிப் பெண்ணொருத்தி கோலடியில் சுபானியின் அணிக்காரி ஒருத்தியின் காலில் தடக்கி விழுந்தாள். நடுவர் விசிலை ஊதி, கோலுக்கு முன்னால் இருக்கிற வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். பெனல்ரி. அடித்தால் ஆட்டம் சமநிலை. எதிரணியில் உயரமான ஒருத்தி பந்தைக் கொண்டுவந்து புள்ளியில் வைத்தாள். சுபானி கோல் கோட்டில் நின்று கைகளை அகல விரித்தாள். கொறற்றி தன்னையறியாமல் சிலுவை அடையாளம் போட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கமரா திரும்பியது.

"ஐயோ!" என்று இரண்டு நகரங்களில் இரண்டு சகோதரிகளும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஜேசுரட்ணம் பதற்றத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டார். இப்போது பந்தும் இல்லை, கோலும் இல்லை, மகளும் இல்லை. ரிவி நிறைய அவருடைய தலை மட்டும்தான். அவர் தொப்பியை வாயில் வைத்துக் கடித்தார். கண்ணை இறுக மூடினார். உதடுகள் அசைந்தன. அருள்நிறைந்த மரியே செபம் சொல்கிறார் என்று கொறற்றிக்குத் தெரிந்தது. வேகமாகச் சொன்னால் அவருடைய மேலுதடு ஒருபக்கம் கோணும். அப்படியே புல்லில் முழங்காலில் இருந்துவிட்டார். கமராவும் அவரோடு கீழே இறங்கியது.

நடுவர் விசில் ஊதினார்.

பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. கையுறையில் பந்து படுகிற சத்தம் போல இன்னொன்றும் கேட்டது. இல்லை, கோல் கம்பத்தில் பட்ட சத்தமோ? யாரோ கத்தினார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரியவில்லை. கொறற்றி அவருடைய முகத்தையே பார்த்தாள். பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

ஜேசுரட்ணம் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதைத் திறந்தார். அவருடைய வாய் மெல்லத் திறந்தது. கல்யாணமான காலத்தில் இருந்து அவள் பார்த்துவருகிற முகம். ஆனால் அப்படி ஒரு வெளிச்சத்தை அதில் ஒருதரம்தான் கண்டிருக்கிறாள், சுபானி பிறந்த அறையில். அவர் துள்ளி எழும்பினார். தொப்பியை வானத்தை நோக்கி எறிந்தார். பக்கத்தில் நின்ற, யாரென்றே தெரியாத ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஆனால் வாயில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினார்.

"பிடிச்சிட்டாள்!" என்று கொறற்றி கத்தினாள். "பிறேமா, பிள்ளை பிடிச்சிட்டாள்!"

"நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள் அக்கா?"

"அத்தான்ரை முகத்தைப் பார்!"

ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது. கமரா கடைசிவரைக்கும் அவரை விடவில்லை. தொப்பி செடிவேலிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

பொழுதுபட்டபோது ஜேசுரட்ணம் வந்தார். சப்பாத்தில் புல். கையில் ஒரு சுக்கினிக்காய். அதைக் குசினி மேசையில் வைத்தார்.

"தோட்டம் எப்பிடி?" என்று கேட்டாள் கொறற்றி, வெங்காயம் வெட்டிக்கொண்டே.

"நல்ல வேலை இண்டைக்கு. குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகுது."

"கொட்வின் அண்ணையின்ரை சுக்கினி ஒக்ரோபரிலையும் காய்க்குதோ?"

"அவன் நல்லாப் பசளை போடுறவன்."

கொறற்றி சுக்கினியைத் திருப்பிப் பார்த்தாள். பல்பொருள் அங்காடியின் விலைத்துண்டு இன்னும் அதில் ஒட்டியிருந்தது. "பசளை நல்லதுதான்" என்றாள். "விலையோடையே காய்ச்சிருக்கு."

ஜேசுரட்ணம் வாயைத் திறப்பதற்குள் கதவுமணி அடித்தது. சுபானி. ஞாயிறு ஆட்டம் முடிந்தால் அவள் நேரே தன் வீட்டுக்குத்தான் போவாள். இன்றைக்கு விளையாட்டு உடுப்போடேயே, தோளில் பையோடு, தலைமயிரில் வியர்வை காயாமல் வந்து நின்றாள். கையில் கைத்தொலைபேசி. உடுப்பு மாற்றுகிற அறையில் கூட்டாளிகள் அதைக் காட்டியிருந்தார்கள். பெனல்ரி நேரம் மொட்டைத்தலை ஒன்று முழங்காலில் இருக்கிற படத்துண்டு அதற்குள் அணி முழுக்கச் சுற்றிவிட்டது. உன்னுடைய அப்பாவா என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

"அப்பா."

ஜேசுரட்ணம் எழும்பி நின்றார், பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"எவ்வளவு நாளா வாறீங்கள்?"

"வசந்தத்திலை இருந்து" என்றார். பிறகு, "வீட்டு ஆட்டத்துக்கு மட்டும்தான். தள்ளித்தான் நிண்டனான். சத்தம்கூடப் போடேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் கொறற்றியைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "நீதானே பிள்ளை சொன்னனீ. கை முறிஞ்ச அண்டைக்கு. என்னை வெளியிலை கூட்டிக்கொண்டு போகேக்கை நீ கத்தினனீ. என்ரை மட்சுக்கு இனி வராதேங்கோ, எனக்கு வெக்கமாக் கிடக்கு எண்டு. சொன்னது சரிதானே. நான் உன்னை எல்லாருக்கும் முன்னாலை வெக்கப்படுத்தினனான். அதுதான்…"

கொறற்றி கத்தியை வைத்தாள். இது அவளுக்குத் தெரியாத கதை. இவ்வளவு நாளும் பிள்ளையின் விளையாட்டில் வெறுப்புப் பிடித்துத்தான் அவர் போகவில்லை என்று நினைத்திருந்தாள். அதற்காக எத்தனையோ தரம் சாப்பாட்டுக் கோப்பையைக் கொஞ்சம் பலமாகவே மேசையில் வைத்திருக்கிறாள்.

சுபானியின் முகம் என்னவோ மாதிரியானது. "நான் அப்பிடியே சொன்னனான்? எனக்கு ஞாபகமே இல்லை. அது நோவிலை சொன்னது, அப்பா. எலும்பு முறிஞ்சு கிடக்கேக்கை ஆள் என்ன சொல்லும்? நான் நினைச்சன், உங்களுக்குத்தான் நான் விளையாடுறது பிடிக்கேல்லை எண்டு. இரண்டு வருசமா ஒரு சொல்லுக் கேக்கேல்லை நீங்கள். அந்த நோர்வேக்காரன்ரை முழங்காலைப் பற்றி மட்டும் கதைச்சுக்கொண்டு."

"உன்ரை கையைப் பற்றிக் கேக்கப் பயம்" என்றார் ஜேசுரட்ணம். "அவன்ரை முழங்காலைப் பற்றிக் கதைக்கலாம், அவன் ஆரோ தானே."

சுபானி பையைக் கீழே போட்டுவிட்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு அவரைவிட உயரம். மொட்டைத்தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

"எங்கடை பயிற்சியாளர் சொல்லச் சொன்னவர்" என்றாள். "நீங்கள் இனித் தொப்பியோடை வாங்கோ. இல்லாட்டில் கமராவுக்குப் பின்பக்கம் நில்லுங்கோ. எங்கை நிண்டாலும் வரவேணுமாம். சத்தமும் போடலாம். நடுவருக்கு மட்டும் வேண்டாம்."

"தமிழிலை ஏசினால்?"

"அப்பா!"

மூன்று பேரும் சாப்பிட இருந்தார்கள். சுக்கினியைக் கொறற்றி தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறியாக வைத்தாள். கடைச் சுக்கினி என்றாலும் நல்ல ருசி. உதைபந்து என்ற சொல் அன்றைக்குத்தான் அந்த மேசைக்கு வந்தது. வந்தது எழும்பிப் போகவில்லை. முதல் பாதியில் ஒரு பந்தை ஏன் கையால் தட்டிவிட்டாய், பிடித்திருக்கலாமே என்று ஜேசுரட்ணம் கேட்டார். ஈரப் பந்து வழுக்கும் என்று சுபானி விளக்கினாள். வசந்தத்தில் தோற்ற ஆட்டமொன்றில் அவளுடைய பிழை இல்லை, முன்னால் நின்றவளின் பிழை என்று அவர் அடித்துச் சொன்னார். அவள் வாயில் சோற்றோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அந்தப் பெனல்ரி" என்றாள் கொறற்றி. "எந்தப் பக்கம் பாய்ஞ்சனீ? எப்பிடிப் பிடிச்சனீ? நாங்கள் ஒருத்தரும் காணேல்லை. கமரா இவரைத்தானே காட்டினது."

"அப்பா கண்டவர்தானே. சொல்லுங்கோ அப்பா."

ஜேசுரட்ணம் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தார். மெல்லத்தான் குடித்தார்.

"நான் கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனான்."

சுபானி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியை வைத்தாள். "என்ரை வாழ்க்கையிலை நான் பிடிச்ச திறமான பெனல்ரி. அதை எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பாக்கேல்லையோ? எழும்புங்கோ. எழும்புங்கோ ரெண்டு பேரும்."

கோப்பி மேசையைச் சுவரோடு தள்ளினாள். சோபா கோல் என்றாள். ஜேசுரட்ணத்தின் இரண்டு சோடி தடித்த காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டிப் பந்தாக்கினாள். அதை விறாந்தைக் கதவடியில் வைத்து, அப்பாவை அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அவள் வலக்கால்காரி. ஓடிவரேக்கை இடப்பக்கம் பாத்தவள். நான் நம்பேல்லை. இப்ப நீங்கள் அதே மாதிரி இடப்பக்கம் பாருங்கோ, வலப்பக்கம் அடியுங்கோ. அம்மா, நீங்கள் விசில்."

"ஃபீப்" என்றாள் கொறற்றி.

ஜேசுரட்ணம் மூன்றடி பின்னால் போனார். இடப்பக்கம் பார்த்தார். ஓடிவந்து உதைத்தார். காலுறைப் பந்து சோபாவின் வலது மூலைக்குப் பறந்தது. சுபானி மஞ்சள் சட்டையோடு குறுக்கே பாய்ந்தாள். ஒரு கையால் அதை எட்டித் தட்டி, தலையணைகளுக்கு மேல் தொம்மென்று விழுந்தாள். சோபா அரையடி நகர்ந்தது. ஜேசுரட்ணம் இந்தத் தரம் கண்ணை மூடவில்லை. இரண்டு கையையும் வாயில் வைத்துப் பொத்தப் போனவர், நினைவு வந்தவராகக் கையை எடுத்துவிட்டு, "பிடிச்சிட்டாள்!" என்று கத்தினார். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"இன்னொருக்கால்" என்றாள் கொறற்றி. "நான் வடிவாக் காணேல்லை."

இரண்டாந் தரமும் சுபானி பிடித்தாள். மூன்றாந் தரம் உதைத்தபோது காலுறைப் பந்து வழியிலேயே பிரிந்து இரண்டு துண்டாய்ப் பறந்தது. ஒன்றைச் சுபானி பிடித்தாள். மற்றது அவளைத் தாண்டிப் போய்ச் சோபாவுக்குப் பின்னால் விழுந்தது. அது கோலா இல்லையா என்று அப்பாவும் மகளும் பெரும் சண்டை பிடித்தார்கள். நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்று இரண்டு பேரும் கொறற்றியைப் பார்த்தார்கள்.

"கோல்" என்றாள் கொறற்றி.

ஜேசுரட்ணம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குசினிவரைக்கும் ஓடினார்.